வாசல்வரை யார் கொண்டுவிடுவது?

17 படி. எங்கள் பகுதிக் கிளை நூலகத்துக்கு ஏற எத்தனை படி என்று எண்ணி வைத்திருந்தவர் என் அப்பா. 9வது படியில் ஒரு திருப்பம். அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொள்வார். திருப்பத்துக்கு மேல் பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது, சுவரைத் தடவிக்கொண்டுதான் ஏற வேண்டும். மேலே போய்ச் சேர்ந்தால் நீள மேசையில் அன்றைய நாளிதழ்கள், தலைக்கு மேல் கடகடக்கும் மின்விசிறி, வந்ததும் கையெழுத்துப் போட ஒரு நோட்டு. அந்த நோட்டில் 11 வருஷம் காலைதோறும் கையெழுத்துப் போட்டவர், 76 வயதில் முட்டி மடங்க மறுத்ததும் நின்றுவிட்டார். நூலகம் அதே இடத்தில்தான் இருக்கிறது. அப்பாவும் அதே தெருவில்தான் இருக்கிறார்.

முட்டிக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்கும் இடம் மட்டும் மாறியது. முன்பு இரண்டு தெரு தள்ளி, பழைய ஓட்டுக் கட்டடத்தில் சுகாதார நிலையம் இருந்தது. மழை வந்தால் மருந்து கொடுக்கும் ஜன்னலருகே வாளி வைப்பார்கள். இப்போது நல்ல கட்டடம், பளபளக்கும் தரை, டோக்கன் நம்பர் காட்டும் பலகை, உட்கார ஸ்டீல் நாற்காலி. குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் அது மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம். நடுவே இடுப்புயரத்துக்குத் தடுப்புச்சுவர். சாலையைக் கடக்கும் இடம் அரை கிலோமீட்டர் தள்ளி. பேருந்து நிறுத்தமோ அதையும் தாண்டி. "ஏறுங்க பெரியவரே, சுத்திதான் போவணும், 80 ரூபா குடுங்க" என்பார் ஆட்டோக்காரர். போக 80, வர 80. இலவச மாத்திரைக்கு 160 ரூபாய்.

ஊர்ப் பெயரையும் வார்டு எண்ணையும் நான் எழுதவில்லை. எழுதினால் அந்த ஒரு அலுவலகத்தில் ஒருவருக்கு மெமோ போகும், அதோடு முடிந்துவிடும். சென்னையின் தென்பகுதியில் ஏதோ ஒரு வார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். என் சண்டை அந்த அலுவலரோடு இல்லை. நம் ஊரில் நூலகமும் மருத்துவமனையும் எங்கே வர வேண்டும் என்று தீர்மானிக்கிற விதத்தோடு.

இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுவது எனக்கு மட்டும் தோன்றிய விஷயம் இல்லை. 2011இல் அரசே சேர்த்துவைத்த ஜோடி இது.

அண்ணா நூற்றாண்டு நூலகம் கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்டது. 8 ஏக்கர், 9 தளம், 12 லட்சம் புத்தகங்களுக்கு இடம். குழந்தைகளுக்கென்று தனித் தளம், கண் தெரியாதவர்களுக்கு பிரெயில் பிரிவு, சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிக்கத் தனிக்கூடம். தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் காலையிலேயே டிபன் பாக்ஸோடு வந்து வரிசை கட்டினார்கள். அடுத்த வருஷம் ஆட்சி மாறியது. 2011 நவம்பர் 2ஆம் தேதி அறிவிப்பு வந்தது: நூலகம் கல்லூரிச் சாலையில் உள்ள டி.பி.ஐ. வளாகத்துக்குப் போகும், இந்தக் கட்டடம் குழந்தைகளுக்கான உயர்சிறப்பு மருத்துவமனை ஆகும். இரண்டே நாளில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. நூலகம் தப்பித்தது. தப்பித்ததே தவிர, அடுத்த சில வருஷங்கள் அதைச் சீந்த ஆளில்லை. அரங்கத்தைக் கல்யாண வரவேற்புக்கு வாடகைக்கு விட்ட கூத்தும் நடந்து, அதற்கும் வழக்குப் போக வேண்டியிருந்தது.

அந்த நாட்களில் டீக்கடையில்கூட இரண்டு கட்சி. "குழந்தைக்கு ஆஸ்பத்திரி வேணாம்னு சொல்ற மனசு உனக்கு எப்பிடிய்யா வருது?" என்று ஒருவர் கேட்டால் எதிரே இருப்பவரால் பதில் சொல்ல முடியாது. நோயாளிக் குழந்தையை முன்னால் நிறுத்திவிட்டு, பின்னாலிருந்து புத்தகத்தை விரட்டுகிற வாதம் அது. அதில் சிக்கிக்கொண்டு, கேட்டிருக்க வேண்டிய எளிய கேள்வியை நாங்கள் யாருமே கேட்கவில்லை. பெயர்ப்பலகையை மாற்றலாம், சரி. கட்டடம் மாறுமா?

கட்டடப் பொறியாளர்கள் கையில் வைத்திருக்கும் இந்தியத் தரநிலை ஒன்று இருக்கிறது, ஐ.எஸ். 875 என்று. எந்தத் தளம் எவ்வளவு கனம் தாங்க வேண்டும் என்று சொல்கிற அட்டவணை அதில் உண்டு. புத்தக அடுக்குகள் நிற்கும் அறை என்றால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 600 கிலோவாவது தாங்க வேண்டும். அடுக்கு உயர உயர இன்னும் கூட்ட வேண்டும். மருத்துவமனை வார்டு என்றால் 200 கிலோ போதும். நோயாளியைவிடப் புத்தகம் கனம். ஆக, நூலகத்துக்கென்று கொட்டிய கம்பியும் கான்கிரீட்டும் வார்டுக்கு வேண்டாத செலவு. வார்டுக்கு வேண்டியதோ நூலகத்தில் இருக்காது. தளத்துக்குத் தளம் கழிப்பறைக் குழாய்கள், சுவருக்குள் ஆக்சிஜன் குழாய், ஸ்ட்ரெச்சர் நேராக நுழைகிற லிஃப்ட், அறுவை அரங்குக்குத் தனிக் காற்று, ரத்தம் தோய்ந்த கழிவு நோயாளிகளின் கண்ணில் படாமல் இறங்கிப் போக ஒரு வழி. வாசகர் வருவார், உட்காருவார், எழுந்து போவார். நோயாளி அப்படியா? படுத்திருக்கிறவரைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும், கூட வந்தவர் சோறு சாப்பிட வேண்டும், இரவில் எங்கேயாவது தலை சாய்க்க வேண்டும்.

கோட்டூர்புரத்தில் நடக்காதது ஓமந்தூரார் தோட்டத்தில் நடந்தது. புதிய சட்டமன்ற, தலைமைச் செயலகக் கட்டடம் 2010 மார்ச் 13 அன்று பிரதமர் மன்மோகன் சிங் கையால் திறக்கப்பட்டது. திறப்பு விழாவுக்குள் குவிமாடம் முடியவில்லை என்பதால், சினிமாக் கலை இயக்குநர் தோட்டாதரணியை வைத்துத் தற்காலிகக் குவிமாடம் ஒன்றைச் செட் போட்டு நிறுத்தினார்கள். தேதியை முதலில் குறித்துவிட்டு வேலையைப் பின்னால் ஓடவிடுகிற நம் பழக்கத்துக்கு இதைவிடப் பெரிய சின்னம் வேண்டுமா? 2011 ஆகஸ்டில் அது மருத்துவமனை ஆகும் என்று அறிவித்தார்கள். 2014 பிப்ரவரியில் 400 படுக்கைகளோடு பல்நோக்கு உயர்சிறப்பு மருத்துவமனையாகத் திறந்தார்கள். இன்று எத்தனையோ ஏழைகளுக்கு அங்கே இதய அறுவை சிகிச்சை நடக்கிறது. அதை நான் மறுக்கவே மாட்டேன். எங்கள் மாடி வீட்டு அக்காவின் கணவர் அங்கே பிழைத்து வந்தவர்தான். ஆனால் சட்டமன்றத்துக்கென வட்டம் வட்டமாக வரைந்த கட்டடம் அது. "எந்த வட்டத்துல இருக்கோம்னு தெரியாம அரை நாள் சுத்துனேன்டி" என்று அந்த அக்கா இன்றும் சொல்வார்.

அண்ணா பெயரில் அமைந்த நூலகத்தை மருத்துவமனையாக்கப் பார்த்ததில் ஒரு விநோதம் உண்டு. நியூயார்க்கில் அண்ணாவுக்குப் புற்றுநோய் அறுவை சிகிச்சை நடக்க இருந்தபோது, கையிலிருக்கும் புத்தகத்தை முடித்துவிடுகிறேன், ஒரு நாள் தள்ளிவையுங்கள் என்று அவர் மருத்துவரிடம் கேட்டதாக ஒரு கதை தமிழ்நாட்டில் தலைமுறையாகச் சொல்லப்படுகிறது. கதையோ, நடந்ததோ. மருத்துவமனைக் கட்டிலிலும் புத்தகம் கேட்ட மனிதராகவே ஊர் அவரை நினைவில் வைத்திருக்கிறது. அவர் படித்துப் படித்து ஆளானதாகச் சொல்லப்படும் கன்னிமாரா நூலகம், 1896இல் திறந்தது, எழும்பூரில் இருக்கிறது. ரயிலை விட்டு இறங்கி நடந்தே போய்விடலாம்.

இந்த "நடந்தே போய்விடலாம்" என்பதுதான் என் வழக்கு. பழைய சென்னையைப் பாருங்கள். பெரியாஸ்பத்திரி, அதாவது இன்றைய ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, 1664இல் கோட்டைக்குள் தொடங்கியது. இப்போதைய இடத்துக்கு வந்தது 1772இல். எதிரே சென்ட்ரல் ரயில் நிலையம் வந்தது 1873இல், அதாவது நூறு வருஷம் கழித்து. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. ஆனாலும் பாருங்கள், அரக்கோணத்திலிருந்தும் கூடூரிலிருந்தும் ஜோலார்பேட்டையிலிருந்தும் வருகிற நோயாளி, மஞ்சள் பையோடு ரயிலை விட்டு இறங்கி, சாலையைத் தாண்டினால் மருத்துவமனை. யாரிடமும் வழி கேட்க வேண்டாம். அந்த வளாகத்தின் நெரிசலையும் அழுக்கையும் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். அதன் வாசலுக்கு ஒருவர் வந்து சேருவது எளிது. இந்த ஒன்றை எந்தப் பளிங்குத் தரையும் ஈடு செய்யாது. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் அப்படித்தான், ரயிலடிக்குப் பக்கம்.

அதிர்ஷ்டத்தால் அமைந்ததை இன்று திட்டமிட்டே அமைக்கலாமே? அமைக்கிறோமா? கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 2023 ஜூன் 15 அன்று 1000 படுக்கைகளோடு கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை திறக்கப்பட்டது. வேகமாகக் கட்டினார்கள், நன்றாகவே கட்டினார்கள். தென்சென்னைக்கு அப்படி ஒன்று அவசியம் தேவை. சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூலை 15இல், மதுரை புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம். 2 லட்சம் சதுர அடிக்கும் மேல், அடிக்கல் நாட்டி ஒன்றரை வருஷத்தில் முடித்துக் காட்டினார்கள். மனசு வைத்தால் நடக்கும் என்பதற்கு அது சாட்சி. மனசு வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சியும் அதே மதுரையில்தான். தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரி 27. 2022இல் முதல் ஆண்டு மருத்துவ மாணவர்கள் 50 பேர் சேர்ந்தபோது, அவர்கள் உட்கார மதுரையில் கட்டடம் இல்லை, ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போனார்கள். 2021 தேர்தலில் இதுதான் எய்ம்ஸ் என்று ஒற்றைச் செங்கல்லைத் தூக்கிக் காட்டியே ஓட்டுக் கேட்டார்கள். அந்தச் செங்கல்லுக்கு விழுந்த கைத்தட்டல் சாதாரணமானதா என்ன! ஒரு தரப்பு மாநில அரசு, மறு தரப்பு மத்திய அரசு. நடுவில் சிவகங்கையிலிருந்து இடுப்பில் பிள்ளையோடு வருகிற பெண்.

பெரிய கட்டடங்களுக்கு நான் எதிரி இல்லை. கோவையில் பெரியார் பெயரில் பெரிய நூலகத்துக்கு 2024 நவம்பரில் அடிக்கல் போட்டபோது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒரு பெரிய நூலகத்துக்கு மாதத்துக்கு ஒருமுறை போவோம். தெருமுனை நூலகத்துக்குத் தினமும் போவோம். ஒரு பெரிய மருத்துவமனைக்கு வாழ்நாளில் நாலைந்து தடவை போவோம். சர்க்கரை மாத்திரைக்கு மாதா மாதம் போயாக வேண்டும். தினசரி போகிற இடம் மாடியிலும், மாதா மாதம் போகிற இடம் தடுப்புச்சுவருக்கு அந்தப் பக்கமும் இருக்கும்போது, எப்போதாவது போகிற இடத்தில் மட்டும் எஸ்கலேட்டர் ஓடினால் எப்படி?

பணம் இல்லை என்பார்கள். சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நீங்கள் கட்டுகிற ஒவ்வொரு ரூபாய் சொத்து வரிக்கும் மேலே 10 பைசா நூலக வரி. ஆறு மாதத்துக்கு 2,000 ரூபாய் வரி கட்டினால் 200 ரூபாய் நூலகத்துக்கு என்று கணக்கு. 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தபோது உண்டான ஏற்பாடு இது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் பல வருஷம் விடாமல் அலைந்ததன் பலன். வரியை வசூலிப்பது மாநகராட்சியும் நகராட்சியும் ஊராட்சியும். அவர்கள் அதை நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டும். வசூலாகிற வேகத்தில் அது போய்ச் சேருவதில்லை, பாக்கி பாக்கியாக நிற்கும். இந்தப் புலம்பலை எந்த நூலகரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். வாடகை கட்ட முடியாத நூலகம் எந்த இடம் சும்மா கிடைக்கிறதோ அங்கே போய் ஒண்டிக்கொள்ளும். சும்மா கிடைப்பது எப்போதும் மாடிதான். தரைத்தளத்துக்கு வாடகை வரும், கடைக்காரர் வருவார். எங்கள் நூலகத்துக்குக் கீழே ரேஷன் கடை.

சுகாதார நிலையத்தின் கதை கொஞ்சம் வேறு. நகரத்தில் 50,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்பது தேசிய நகர்ப்புற நலவாழ்வு இயக்கத்தின் கணக்கு. கணக்குச் சரியாகவே இருக்கும். அந்த 50,000 பேருக்கு நடுவே ரயில் பாதை ஓடுகிறதா, கூவம் ஓடுகிறதா, ஆறுவழிச் சாலை ஓடுகிறதா என்பது அந்தக் கணக்கில் வராது. மாநகராட்சிக்குச் சொந்தமான காலி இடம் எங்கே என்று பார்ப்பார்கள். அங்கே கட்டுவார்கள். வரைபடத்தில் பார்த்தால் எங்கள் தெருவிலிருந்து புது நிலையம் 300 மீட்டர்கூட இருக்காது. காக்கைக்கு அது சரி.

ரங்கநாதன் 1931இல் எழுதிய நூலகவியல் ஐந்து விதிகள் பற்றிய புத்தகத்தில், நூலகம் ஊரில் எந்த இடத்தில் இருக்க வேண்டும், எத்தனை மணிவரை திறந்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் முதல் விதியின் கீழேயே பேசிவிடுகிறார். புத்தகம் பயன்படுவதற்காக என்றால், முதலில் மனிதர் அங்கே வந்து சேர வேண்டும் அல்லவா? அதே 1931இல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபை என்ற ஓய்வுபெற்ற பொறியாளர் மாட்டு வண்டியில் நூலகம் நடத்தினார். ஊர் ஊராகப் புத்தகம் வண்டியேறிப் போனது. மாடு பூட்டிய நூலகம் என்று இன்று நாம் சிரிக்கலாம். வாசல்வரை போன நூலகம் அது.

அந்த மாட்டு வண்டியின் வாரிசுகள் இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் அப்படிப்பட்டது. ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வரும். எங்கள் தெருவுக்கு வருகிற பெண், தோளில் பையோடு, "தாத்தா, கைய நீட்டுங்க" என்று ரத்த அழுத்தம் பார்த்து, மாத்திரை அட்டையை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போவார். அவர் வரும் மாதம் 160 ரூபாய் மிச்சம். விடுப்பில் இருந்தால், ஆட்டோ. நூலகத்திலும் நூலக நண்பர்கள் என்று ஒரு திட்டம் உண்டு, தன்னார்வலர்கள் வீட்டுக்குப் புத்தகம் கொண்டுவந்து கொடுப்பது. நல்ல திட்டம். ஆனால் அப்பா ஒன்று சொன்னார்: "புஸ்தகம் வீட்டுக்கு வந்துடும்மா. அங்க வர்ற நாலு பேரு வருவாங்களா?" அவருக்கு நூலகம் என்றால் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து தலையங்கத்துக்குச் சண்டை பிடிக்கிற ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டரும் சேர்த்துத்தான்.

எங்களைப் போன்றவர்களிடம் யாராவது கேட்பார்களா என்றால், கேட்கவும் இப்போது ஒரு இடம் இருக்கிறது. 2022 நவம்பர் 1 முதல் நகரங்களிலும் பகுதி சபைக் கூட்டம் நடக்கிறது, கிராம சபை மாதிரி. போன கூட்டத்துக்கு அப்பாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். மாநகராட்சிப் பள்ளி வகுப்பறை, 40 நாற்காலி, பாதி காலி. குடிநீரில் சாக்கடை வாடை, தெருநாய், எரியாத விளக்கு எல்லாம் முடிந்து எங்கள் முறை வந்தது. படியைப் பற்றிச் சொன்னேன், தடுப்புச்சுவரைப் பற்றிச் சொன்னேன். இளம் பொறியாளர் ஒருவர், மரியாதையான பிள்ளை, எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"புதுக் கட்டடம் வரப்போகுதும்மா. உங்க பக்கமே. கீழ சுகாதார நிலையம், மேல நூலகம். ரெண்டும் ஒரே எடத்துல." போனில் வரைபடத்தை எடுத்துக் காட்டினார்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கீழே யார் இருப்பது என்றால் நோயாளிதான் இருக்க வேண்டும், அதில் மறுபேச்சு இல்லை. 2011இன் டீக்கடை வாதம் சுற்றிச் சுற்றி எங்கள் தெருவுக்கே வந்து சேர்ந்துவிட்டது.

அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "லிஃப்ட் உண்டா தம்பி?"

"கீழ ரேம்ப் இருக்குங்க ஐயா."

"மேல போக?"

"லிஃப்ட்டுக்கு எடம் விட்டிருக்கோம். அடுத்த கட்டத்துல வந்துரும்."

"படி எத்தனை?"

பொறியாளர் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். உதடு அசைய எண்ணினார். ஒருமுறை விட்டுப்போய், மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"22 வருதுங்க ஐயா."